நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய மாணவி போன் செய்தாள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். 1998-99-ல் பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் பிரிவில் படித்தவர்கள் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்த நாட்டில் குடியுரிமை வாங்க ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. அவர்களுடைய அரசாங்கம், வரலாறு பற்றிக் கேள்வி கேட்பார்கள். அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"சார், எல்லாம் தெரிஞ்ச வார்த்தை மாதிரிதான் இருக்கு. ஆனா நம்ம ஊர் அர்த்தத்தை வச்சுப் படிச்சா ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "இம்பீச்மெண்ட்டுன்னா பதவியை விட்டு நீக்கறதுன்னு நீங்க சொல்லிக்கொடுத்தீங்க. அது இல்லை போலிருக்கே சார்?" என்றாள்.

இல்லைதான். பல வருடங்கள் நான் அதைத் தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1998 டிசம்பர் 19 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதிபர் கிளிண்டனை இம்பீச் செய்தது. மறுநாள் பேப்பரில் செய்தி. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், "பார்த்தீர்களா, எவ்வளவு பெரிய அதிபராக இருந்தாலும் பதவி போய்விட்டது" என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். பொங்கல் கழிந்து ஒரு வாரத்துக்குள் இதே பெண் எழுந்து, "சார், பதவி போனவர் எப்படி சார் நேத்து டிவியில பேசினார்? எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்களே!" என்று கேட்டாள். 1999 ஜனவரி 19 அன்று கிளிண்டன் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்தியிருந்தார். அதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "பாடத்தில் இருப்பதைப் படி, உட்கார்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் தனியாகப் பிடுங்கி விளக்கினால் புரியாது. அக்கம்பக்கத்துச் சொற்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

*காங்கிரஸ், செகரட்டரி*

நமக்குக் காங்கிரஸ் என்றால் கட்சி. அங்கே காங்கிரஸ் என்பது நாடாளுமன்றம். அதில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர். மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு இடம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அத்தனை பேரும் தேர்தலைச் சந்திக்க வேண்டும். செனட்டில் 100 பேர். பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்ற பேதம் இல்லாமல் மாநிலத்துக்கு இரண்டு பேர். பதவிக்காலம் ஆறு ஆண்டு.

செகரட்டரி என்றால் நமக்குக் கோட்டையில் இருக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அங்கே செகரட்டரி என்பவர் அமைச்சர். 'செகரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்றால் மாநிலச் செயலாளர் அல்ல, வெளியுறவு அமைச்சர். இதில் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. நம் நாட்டில் அமைச்சராக வேண்டுமானால் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் ஆக வேண்டும். அங்கே நேர் எதிர். காங்கிரஸ் உறுப்பினராக இருப்பவர் அமைச்சர் பதவியை ஏற்க வேண்டுமானால் உறுப்பினர் பதவியை விட்டுவிட வேண்டும். சட்டம் இயற்றுபவர் வேறு, நிர்வாகம் செய்பவர் வேறு. ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார முடியாது.

நம் ஊரில் பிரதமர் மக்களவையின் நம்பிக்கையை இழந்தால் அன்றே ஆட்சி போய்விடும். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது நினைவிருக்கும். அமெரிக்க அதிபரை அப்படிக் கவிழ்க்க முடியாது. அவர் நான்கு ஆண்டுக்கு என்று வந்தவர். காங்கிரஸில் அவருக்குப் பெரும்பான்மையே இல்லாவிட்டாலும் நாற்காலி ஆடாது. அப்படியானால் அவர் தப்பு செய்தால் யார் கேட்பது? இம்பீச்மெண்ட் என்ற சொல் பிறப்பது இந்தக் கேள்வியில்தான்.

*1787, பிலடெல்பியா*

1787 மே மாதம் முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியா நகரில் 55 பேர் கூடி அமெரிக்க அரசியலமைப்பை எழுதினார்கள். தலைமை ஜார்ஜ் வாஷிங்டன். பேசுவது வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடை முழுவதும் விவாதித்தார்கள். எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன். அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது; ஆனால் தொகுதிக் கணக்குக்கு மட்டும் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணலாம் என்று எழுதியவர்களும் இவர்களே.

ஆனால் அதிகாரத்தைக் கண்டு அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. இங்கிலாந்து மன்னரிடமிருந்து விடுபட்டு வந்தவர்கள். பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748-ல் எழுதிய நூலைப் படித்தவர்கள். சட்டம் இயற்றுவது, செயல்படுத்துவது, நீதி சொல்வது ஆகிய மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் சுதந்திரம் இருக்காது என்பது அவருடைய கருத்து. அதனால் முதல் பிரிவில் காங்கிரஸ், இரண்டாம் பிரிவில் அதிபர், மூன்றாம் பிரிவில் நீதிமன்றம் என்று தனித்தனியாக எழுதினார்கள். இதுதான் நாம் 'அதிகாரப் பிரிவினை' என்று படித்தது.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெரிய வேலையையும் இரண்டாக வகிர்ந்து, பாதியை ஒருவரிடமும் மீதியை இன்னொருவரிடமும் கொடுத்தார்கள். நீதிபதியையும் அமைச்சரையும் முன்மொழிவது அதிபர், ஒப்புதல் தருவது செனட். ஒப்பந்தம் பேசுவது அதிபர், அது செல்லுபடியாகச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்போமே, அதையே சட்டமாக்கி வைத்தார்கள். 'தடைகளும் சமன்பாடுகளும்' என்று பாடப்புத்தகத் தமிழில் மனப்பாடம் செய்தது இதைத்தான். அந்தத் தொடரை எழுதி மார்க் வாங்கியவர்கள் உண்டு. புரிந்து எழுதியவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. புரியவைக்காதது என் தப்பு.

*வீட்டோ*

லத்தீன் மொழியில் 'நான் தடுக்கிறேன்' என்று பொருள். வேடிக்கை என்னவென்றால் அமெரிக்க அரசியலமைப்பில் இந்தச் சொல்லே கிடையாது. வேலை மட்டும் இருக்கிறது. இரண்டு அவையும் நிறைவேற்றிய மசோதா அதிபரிடம் போகும். ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிப் பத்து நாள் அவகாசம். கையெழுத்துப் போட்டால் சட்டம். பிடிக்கவில்லையென்றால் காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். அதுதான் வீட்டோ. ஆனால் அது கடைசி வார்த்தை இல்லை. இரண்டு அவையும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுடன் மறுபடி நிறைவேற்றினால், அதிபர் கையெழுத்தே இல்லாமல் சட்டமாகிவிடும்.

கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் வைத்திருந்தால்? பத்து நாள் கழிந்தால் தானாகவே சட்டம். அதற்குள் காங்கிரஸ் கூட்டத்தொடர் முடிந்துபோய்விட்டால் மசோதா செத்துப்போகும். இதற்குப் 'பாக்கெட் வீட்டோ' என்று பெயர். சட்டைப் பையில் வைத்துக்கொண்டே காலத்தைக் கடத்திவிடுவது!

*இம்பீச்மெண்ட்*

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இம்பீச்மெண்ட் என்றால் குற்றம் சாட்டுவது. அவ்வளவுதான். நம் ஊர் வழக்கில் சொன்னால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது. அதைச் செய்வது பிரதிநிதிகள் சபை. சாதாரணப் பெரும்பான்மை போதும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது கிடைத்தால்தான் பதவி போகும். குற்றம் சாட்டுகிறவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இங்கும் இரண்டாக வகிர்ந்தார்கள். அதிபரை விசாரிக்கும்போது மட்டும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வந்து தலைமை வகிப்பார். வழக்கமாகச் செனட்டுக்குத் தலைமை வகிப்பவர் துணை அதிபர். அதிபர் போனால் அந்த நாற்காலி அவருக்குத்தானே வரும்? அவர் எப்படி நடுநிலையாக உட்கார முடியும்?

நாம் ஏன் இதைப் 'பதவி நீக்கம்' என்று எழுதுகிறோம்? நம் அரசியலமைப்பின் 56-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரை இம்பீச்மெண்ட் மூலம் பதவியிலிருந்து நீக்கலாம் என்கிறது. வழிமுறை 61-ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கேயும் ஓர் அவை குற்றம் சாட்ட, மற்ற அவை விசாரிக்க வேண்டும். ஆனால் இதுவரை எந்தக் குடியரசுத் தலைவர் மீதும் அது நடந்ததில்லை. முதல் படி தனியாக நிற்பதை நாம் கண்ணால் பார்த்ததே இல்லை. அதனால் வழிக்கும் முடிவுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

எனக்கு ரொம்ப வெட்கமாக இருப்பது இனிமேல் சொல்லப் போகும் விஷயத்தில். வாரன் ஹேஸ்டிங்ஸ் பாடத்தை நான் ஆண்டுதோறும் நடத்தினேன். வங்காளத்தின் கவர்னர் ஜெனரல்; காசி மன்னர் சேத் சிங்கிடம் பணம் கேட்டு நெருக்கியது, அயோத்தி பேகம்களின் சொத்தைப் பறிக்கத் துணைபோனது என்று புகார்கள். எட்மண்ட் பர்க் முன்னின்று வாதாட, 1787-ல் இங்கிலாந்தின் காமன்ஸ் சபை அவரை இம்பீச் செய்தது. பிரபுக்கள் சபையில் 1788-ல் தொடங்கிய விசாரணை 1795-ல் முடிந்தது. விடுதலை. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆனால் ஹேஸ்டிங்ஸ் 1785-லேயே பதவியை விட்டு ஊர் திரும்பிவிட்டார். பதவியில் இல்லாத ஒருவரை எப்படிப் பதவி நீக்கம் செய்வது? என் பாடத்துக்குள்ளேயே பதில் இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். லண்டனில் ஹேஸ்டிங்ஸ் விவகாரம் சூடாக இருந்த அதே 1787-ல்தான் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியலமைப்பு எழுதப்பட்டது. செப்டம்பர் 8 அன்று, எந்தக் குற்றத்துக்காக அதிபரை இம்பீச் செய்யலாம் என்று விவாதம். தேசத்துரோகம், லஞ்சம் என்று இரண்டை மட்டும் எழுதியிருந்தார்கள். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, இது போதாது, ஹேஸ்டிங்ஸ் செய்தது தேசத்துரோகம் இல்லையே என்று கேட்டார். 'நிர்வாகச் சீர்கேடு' என்று சேர்க்கச் சொன்னார். ஜேம்ஸ் மேடிசன் ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவு பொத்தாம்பொதுவாக எழுதினால், செனட்டுக்குப் பிடிக்கும் வரைதான் அதிபர் என்று ஆகிவிடும் என்றார். கடைசியில் 'மற்ற பெருங்குற்றங்களும் தகாச்செயல்களும்' என்ற பொருளில் ஒரு தொடர் சேர்ந்தது. இன்றுவரை அமெரிக்கர்கள் அடித்துக்கொள்வது அந்தத் தொடரின் அர்த்தத்துக்காகத்தான். நம் மண்ணில் நடந்த கொடுமை அவர்களுடைய சட்டப் புத்தகத்தில் ஒரு வரி சேரக் காரணமாக இருந்திருக்கிறது.

*ஒரே ஓட்டில் தப்பியவர்*

1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக்கொல்லப்பட்டார். துணை அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதிபரானார். தென்மாநிலக்காரர். பிரிவினையை எதிர்த்தவர்தான், ஆனால் விடுதலை பெற்ற சுமார் 40 லட்சம் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தர அவருக்கு மனம் இல்லை. அவர்களைக் குடிமக்கள் என்று சொல்லும் சட்டத்தை 1866-ல் வீட்டோ செய்தார். காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்குடன் அதை மீறி நிறைவேற்றியது. அவர் பதவிக்காலத்தில் செய்த 29 வீட்டோவில் 15 இப்படி முறியடிக்கப்பட்டன.

சண்டை முற்றியது. 1867-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. செனட் ஒப்புதலுடன் நியமிக்கப்பட்டவரைச் செனட்டைக் கேட்காமல் அதிபர் நீக்கக் கூடாது என்று. போர்த்துறை அமைச்சர் ஸ்டாண்டன் காங்கிரஸ் பக்கம். 1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் அவரை நீக்கினார். ஸ்டாண்டன் போகவில்லை. அலுவலகத்துக்குள்ளேயே கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்! மூன்றாம் நாள், பிப்ரவரி 24, பிரதிநிதிகள் சபை 126-க்கு 47 என்ற ஓட்டில் அதிபரை இம்பீச் செய்தது.

நான் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

செனட்டில் விசாரணை. பார்வையாளர் மாடத்துக்கு டிக்கெட் அச்சடித்துக் கொடுக்கும் அளவுக்குக் கூட்டம். மொத்தம் 54 செனட்டர்கள். தண்டிக்க 36 ஓட்டு வேண்டும். துணை அதிபர் இல்லாததால் ஜான்சன் போனால் அடுத்த அதிபர், செனட்டின் இடைக்காலத் தலைவர் பெஞ்சமின் வேட். அவரும் ஓட்டுப் போட்டார், அதுவும் தண்டிக்க வேண்டும் என்று! மே 16 அன்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். பக்கவாதம் வந்து படுத்திருந்த செனட்டர் கிரைம்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முடிவு: குற்றவாளி என்று 35, இல்லை என்று 19. ஒரு ஓட்டுக் குறைவு. ஜான்சன் தப்பினார்.

குற்றவாளி இல்லை என்றவர்களில் ஏழு பேர் அவருக்கு எதிரான குடியரசுக் கட்சிக்காரர்கள். அவர்களில் கன்சாஸின் எட்மண்ட் ராஸ் பெயர்தான் அதிகம் பேசப்படுகிறது. மனசாட்சிக்காகத் தன் அரசியல் வாழ்வையே பலி கொடுத்தார் என்பவர்களும் உண்டு, பின்னால் பதவிப் பேரம் பேசினார் என்பவர்களும் உண்டு. ஜான்சன் நல்லவர் என்பதால் தப்பவில்லை. கறுப்பின மக்களுக்கு அவர் செய்த கெடுதல் சின்னதல்ல. ஆனால் அவரை நீக்கக் காட்டிய காரணம் ஓர் அமைச்சரை நீக்கியது. அந்தச் சட்டமே 1887-ல் ரத்தானது. அப்படிப்பட்ட சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1926-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

இதுவரை இம்பீச் செய்யப்பட்ட அதிபர்கள் மூன்று பேர்: 1868-ல் ஜான்சன், 1998-ல் கிளிண்டன், 2019-லும் 2021-லும் டிரம்ப். டிரம்ப்பின் இரண்டாவது விசாரணை, ஹேஸ்டிங்ஸுக்கு நடந்தது போலவே, பதவியை விட்ட பிறகு நடந்தது. நான்கு முறையும் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ஆக, இம்பீச்மெண்ட்டால் இதுவரை ஒரு அமெரிக்க அதிபர்கூடப் பதவி இழந்ததில்லை.

*நீதிப் புனராய்வு*

மூன்றாவது கிளையை விட்டுவிட்டால் மாணவி கோபிப்பாள். காங்கிரஸ் போட்ட சட்டம் அரசியலமைப்புக்கு முரணாக இருந்தால் செல்லாது என்று சொல்லும் அதிகாரம்தான் நீதிப் புனராய்வு. இதுவும் அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1801-ல் மார்பரி என்பவர், முந்தைய அதிபர் கையெழுத்திட்ட தன் நியமன ஆணையைப் புதிய அரசு தர மறுக்கிறது என்று நேரே உச்ச நீதிமன்றம் போனார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1803-ல் சொன்ன தீர்ப்பு சாமர்த்தியமானது. ஆணை பெற மார்பரிக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த வழக்கை நேரடியாக எங்களிடம் கொண்டுவர இடம் தரும் சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, செல்லாது. சின்ன அதிகாரம் ஒன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பெரிய அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். இதில் இன்னொரு வேடிக்கை. முந்தைய ஆட்சியில் வெளியுறவு அமைச்சராக இருந்து அந்த ஆணையைச் சேர்க்காமல் விட்டவரும் இதே மார்ஷல்தான்!

மூன்று கிளைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமானால் 1974-க்குப் போக வேண்டும். வாட்டர்கேட் விவகாரத்தில் தன் அறையில் பதிவான ஒலிநாடாக்களைத் தர அதிபர் நிக்சன் மறுத்தார். ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் தரத்தான் வேண்டும் என்றது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பர்கர், நிக்சனே நியமித்தவர். அந்த மாதமே பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு குற்றச்சாட்டுகளை ஏற்றது. முழுச் சபை ஓட்டுக்கு வரும் முன்பே, ஆகஸ்ட் 9 அன்று, நிக்சன் பதவி விலகினார். கவனியுங்கள்: இம்பீச் ஆகாதவர் பதவியை இழந்தார், இம்பீச் ஆனவர்கள் இழக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம் எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இதையெல்லாம் அவளிடம் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். கடைசியில், "அன்னைக்கு உன்னை உட்காருன்னு சொன்னது என் தப்பும்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கு அது ஞாபகமே இல்லை சார்" என்றாள். எனக்கு இருக்கிறது.

உங்களில் சிலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். பலர் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடத்துக்கும் கண்ணால் பார்ப்பதற்கும் ஒத்துவரவில்லையே என்று ஒரு பிள்ளை கேட்டால் உட்கார வைத்துவிடாதீர்கள். "எனக்குத் தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்வதால் ஆசிரியரின் மதிப்பு குறையாது. எனக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வர இத்தனை வருடம் ஆகிவிட்டது.

1998-99 வகுப்புப் பிள்ளைகளே, அந்தப் பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால், இம்பீச்மெண்ட் என்ற இடத்தில் 'பதவி நீக்கம்' என்பதை அடித்துவிட்டு 'குற்றம் சாட்டுதல்' என்று திருத்திக்கொள்ளுங்கள். அவளுக்கு அடுத்த மாதம் தேர்வு. எல்லோரும் வாழ்த்துங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்